அழுக்கில்லாத சலவைக்கடை

சலவைக்கடைக்காரனுக்குக் கடை நிறைய அழுக்குத் துணி குவிந்து கிடந்தால்தான் நிம்மதி. அழுக்கு வரவில்லை என்றால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. நம்ம சூப்பர்வைசருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு வாரம் மறந்துபோய், குடும்பத்தையே மூட்டை கட்ட வைக்கப் பார்த்தார்.

சூப்பர்வைசர் என்பது பழைய வேலை கொடுத்த பெயர். ஊரில் ஒரு பெரிய ஓட்டலின் தரைக்குக் கீழே இருந்த சலவைப் பிரிவில் மூட்டை தூக்கச் சேர்ந்தவர். மெஷின் இரைச்சலில் ஆட்களைக் கூப்பிடக் கழுத்தில் விசிலும், சட்டையில் பெயர் வில்லையுமாக உயர்ந்து, பாதி ஆயுளை அங்கேயே ஆவியில் வேகவிட்டார். இப்போது வேறொரு நாட்டில் சொந்தக் கடை, அவரே முதலாளி. மேலே இருந்துகொண்டு கேள்வி கேட்க ஆள் கிடையாது. அதுவே அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. யாரும் கேட்காத கேள்வியைத் தானே தன்னிடம் கேட்டு, தானே திருதிருவென்று விழிப்பார்.

கடை ஒரு மேட்டுத் தெருவில், சாவிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இருந்தது. அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்னால் கவுண்டர், அதன் பின்னால் சுவர் முழுக்கத் தட்டுகள், அப்புறம் இரண்டு மெஷின், உலர்த்துகிற மெஷின் ஒன்று, கடைசியில் இஸ்திரி மேஜையும் அதற்கு ஆவி கொடுக்கிற பாய்லரும். பாய்லரில் ஒரு வால்வு எந்நேரமும் உஸ் உஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். பின்பக்கப் படி ஏறினால் இரண்டு அறை. அதுதான் வீடு.

கவுண்டர் அவர் பெண்டாட்டியின் ராஜ்யம். துணியை வாங்கி, பையைத் துழாவி, கறையைப் பார்த்து, நம்பர் துண்டு கட்டிப் பின்னால் தள்ளுவாள். இந்த ஊர் மொழியில் அவள் முதலில் கற்ற சொற்கள் எல்லாமே கறைகளின் பெயர்கள்தான். எண்ணெய், மை, ரத்தம், துரு, குழந்தை எடுத்த வாந்தி. வணக்கம் சொல்லத் தெரிவதற்கு முன்பே வாந்தி சொல்லத் தெரிந்தவள். இஸ்திரி மேஜை அவளுடைய அண்ணன் கையில். தனிக்கட்டை, வாய் கொஞ்சம் நீளம், ஆனால் அவர் தேய்த்த சட்டையின் காலரைப் பார்த்தால் வாயை மன்னித்துவிடலாம். சூப்பர்வைசர் அவரை மச்சான் என்பார். அவர் சூப்பர்வைசரை மாப்பிள்ளை என்பார். மூன்று பேருமாகச் சேர்ந்து ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, சூப்பர்வைசரின் மகளையும் கூட்டிக்கொண்டு, தொழில் செய்ய வருகிறவர்களுக்கான அனுமதியில் இங்கே வந்தவர்கள். திரும்பிப் போனால் இறங்க அங்கே ஒரு வாசல் கிடையாது.

அந்த அனுமதியில்தான் சிக்கல். கடை வைக்கிறேன் என்று வந்தவன் நிஜமாகவே கடை நடத்துகிறானா என்று அரசாங்கத்து ஆள் ஒருவர் வந்து பார்ப்பார். நடக்கிறது என்று எழுதினால் இருக்கலாம். வெறும் கண்துடைப்பு என்று எழுதினால் கிளம்ப வேண்டியதுதான். நான்கு தெரு தள்ளி நம்ம ஆள் ஒருவர் அட்டைப்பெட்டிக் கடை வைத்திருந்தார். தட்டு நிறையப் பெட்டிதான், பெட்டிக்குள் ஒன்றும் கிடையாது, வாங்க ஒரு ஆள் வந்ததும் கிடையாது. அனுமதிக்காக வைத்த கடை. பார்க்க வந்த அதிகாரி ஒரு பெட்டியைத் தட்டிப் பார்த்தார், அத்தோடு சரி. போன மாதம் அந்தக் கடைக்காரர் குடும்பத்தோடு விமானம் ஏறினார். அன்றிலிருந்து சூப்பர்வைசருக்குத் தூக்கம் போயிற்று. படுத்தால் புரளுவார், எழுந்து உட்காருவார், பக்கத்தில் படுத்திருக்கிறவளையும் தூங்கவிட மாட்டார்.

திங்கட்கிழமை போன் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் சொன்னார்.

"வியாழக்கிழமை காலையில வர்றாங்களாம்."

"யாரு?" என்றாள் பெண்டாட்டி.

"ஆபீஸ்லேர்ந்து. கடையைப் பாக்க."

மச்சானின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. "நம்ம கடையையா?"

"பின்ன, பக்கத்துச் சாவிக்கடையையா? அந்த ஆள் இந்த ஊர்க்காரன். அவனை யாரு போகச் சொல்லப் போறா?"

"வரட்டுமே," என்றாள் அவள். இரண்டாவது தடவை சோறு போட்டாள். "தலைக்கு மேல வேலை கிடக்குது. வந்து கண்ணால பாத்துட்டுப் போகட்டும்."

"இப்படியேவா பாக்கணும்? நீயே சொல்லு. உள்ள வந்ததும் மொதல்ல எது கண்ணுல படுது? கறிக்கடைக்காரரோட ரத்த ஏப்ரன். அதுக்குப் பக்கத்துல லாட்ஜ்காரம்மா போட்ட படுக்கை விரிப்பு மூட்டை. வாசல்லேர்ந்தே நாத்தம்."

"சலவைக்கடையில சந்தனமா மணக்கும்?"

"உனக்குத் தெரியாது. ஓட்டல்ல மேலிடத்துலேர்ந்து ஆள் வர்றாங்கன்னா என்ன செய்வோம் தெரியுமா? அழுக்குத் துணி ஒண்ணு கண்ணுல படக்கூடாது. அத்தனை வண்டியையும் சாமான் லிஃப்டுக்குள்ள ஏத்தி, ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்டை நிறுத்திடுவோம். மேலயும் கிடையாது, கீழயும் கிடையாது. அவங்க போற வரைக்கும் அழுக்கெல்லாம் அந்தரத்துல தொங்கும். அவங்க வருவாங்க, மெஷினைத் தடவிப் பாப்பாங்க, பளிச்சுன்னு இருக்கேன்னு கையைக் குடுத்துட்டுப் போவாங்க. ஒரு தடவைகூட நான் திட்டு வாங்கினதில்ல."

"இங்க லிஃப்டுக்கு எங்க போறது?"

"அதனாலதான் சொல்றேன். இருக்கிறதை எல்லாம் புதன்கிழமைக்குள்ள துவைச்சு, தேய்ச்சு, வீடு வீடாக் கொண்டு போய்க் குடுத்துடுவோம். புதுசா ஒண்ணும் வாங்காதே."

மச்சானுக்கு யோசனை பிடித்துவிட்டது. "மாப்பிள்ளை சொல்றது சரிதான் தங்கச்சி. வெளுத்ததெல்லாம் பால்னு நம்புற ஆளுங்க இவங்க. கடையைப் பளிங்கு மாதிரி வச்சுட்டோம்னா பேசாம கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாங்க. சுவருக்கும் ஒரு பெயின்ட் அடிச்சிடலாம்."

"அண்ணே, நீங்க வேற எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்தாதீங்க. மூணு நாள் துணி வாங்கலைன்னா வர்றவங்க வேற கடையைப் பாத்துட்டுப் போயிட மாட்டாங்களா?"

"வெள்ளிக்கிழமை கொண்டு வரச் சொல்லு," என்றார் சூப்பர்வைசர்.

"வெள்ளிக்கிழமையா? லாட்ஜ்காரம்மா என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடும். ஆபீஸ்காரங்க காலையிலேயே வந்துட்டுப் போயிடுவாங்கல்ல? வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல வாங்கன்னு சொல்றேன். அதுக்கு மேல என்னால தள்ள முடியாது."

"சரி. மத்தியானத்துக்கு மேல. அதுக்கு முன்னாடி ஒரு கைக்குட்டைகூட உள்ள வரக்கூடாது."

அவள் மறுபடி வாதாடவில்லை. அவர் முகம் இருந்த இருப்பில் வாதாட மனசு வரவில்லை. இந்த ஊருக்கு வரவே மாட்டேன் என்று ஒரு காலத்தில் அழுது புரண்டவள்தான் அவள். இப்போது போகச் சொல்லிவிடுவார்களோ என்றுதான் அவளுக்குப் பயம். மகள் தூக்கத்தில் உளறுவதுகூட இந்த ஊர் மொழியில். அவளை எந்த ஊருக்கு, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று திருப்பிக் கூட்டிக்கொண்டு போவது?

அப்புறம் வேலை என்றால் வேலை, அப்படி ஒரு வேலை. வெளியில் விடாத மழை. உள்ளே ஓயாத ஆவி. வெள்ளை தனி, சாயம் போகிறது தனி, கம்பளி தனி என்று பிரித்து, ஒரு மெஷின் நிற்கும்போது இன்னொன்றை ஓடவிட்டார்கள். கறிக்கடை ஏப்ரன்களைப் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்தாள். வெந்நீர் பட்டால் ரத்தம் துணியோடு ஒட்டிக்கொண்டு ஜென்மத்துக்கும் போகாது. மச்சான் நின்ற இடத்திலேயே நின்று தேய்த்தார். பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. சாப்பாடு ரொட்டியும் அவித்த முட்டையும்தான். அதையும் உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. சூப்பர்வைசர் விசில் இல்லாத குறையாக இங்கும் அங்கும் ஓடினார். மழையில் தலைக்குப் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் துணியைக் கொடுத்தார். நாளைக்கு வரவேண்டியது இன்றைக்கே வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

துணி தீர்ந்ததும் கடை. மாதக்கணக்கில் யாரும் வந்து எடுக்காத உடுப்புகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. அவற்றைக் கொண்டு போய் மாடியில் கட்டிலுக்கு அடியில் திணித்தார். நம்பர் துண்டுகள், நூல் உருண்டை, கரியேறிய பழைய இஸ்திரித் துணி எல்லாம் மறைந்தன. மெஷின் தொட்டிகளைத் துடைத்து, ரப்பர் வளையத்தைக் காயவைத்து, மேலே எண்ணெய்த் துணியால் மினுக்கினார். பாய்லரை அணைத்தார், அந்த உஸ் உஸ் சத்தம் கேட்டால் பழுது என்று நினைத்துவிடுவார்களாம். புதன்கிழமை மச்சான் சுவருக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தார். சாயங்காலம் சூப்பர்வைசர் தெருவில் இறங்கி நின்று கடையைப் பார்த்தார். ஓட்டலில்கூட இவ்வளவு சுத்தத்தைப் பார்த்ததில்லை என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை மூன்று பேரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். மகளைப் பள்ளிக்கு அனுப்பியாயிற்று. சூப்பர்வைசர் கோட்டு போட்டிருந்தார். எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. மழைதான் வந்தது, ஆள் வரவில்லை.

"ஒரு டீயாவது போடவா மாப்பிள்ளை?" என்றார் மச்சான்.

"வேணாம். பாத்திரம் கழுவணும், தண்ணி சிந்தும்."

"பசிக்குதே."

"பொறுத்துக்கங்க மச்சான். நாளைக்குச் சேத்துச் சாப்பிடுங்க."

"கையைக் கட்டிக்கிட்டு நின்னு எனக்குப் பழக்கமே இல்ல. உங்களைப் பாத்தாலும் சலவைக்கடைக்காரர் மாதிரி இல்ல. சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருக்கீங்க."

பன்னிரண்டு தாண்டியதும் அவள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். "ஏங்க, மத்தியானம் ஆயிடுச்சு. அவங்க வந்துடுவாங்க."

"அதான் வரலையே."

"நான் ஆபீஸ்காரங்களைச் சொல்லல. நம்ம அழுக்குக்காரங்களைச் சொல்றேன்."

அவர் முகம் வெளிறியது. சரியாக அந்த நேரத்தில் கதவு திறந்தது. குடையை மடக்கியபடி ஒரு அம்மாள் உள்ளே வந்தாள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. குடையிலிருந்து சொட்டிய தண்ணீரை மச்சான் ஓடிப்போய்த் துடைத்தார்.

"மழையில பஸ் நின்னுடுச்சு. நேரமாயிடுச்சு, மன்னிக்கணும்," என்றாள். இதெல்லாம் இந்த ஊர் மொழியில் நடந்த பேச்சு. நாம் நம் மொழியிலேயே கேட்டுக்கொள்வோம்.

"பரவாயில்லைங்க, வாங்க, வாங்க," என்று சூப்பர்வைசர் குனிந்தார்.

அதிகாரியம்மா அவசரப்படாத ஆள். முதலில் தட்டுகளைப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை காலி. மெஷினின் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டாள். கை காய்ந்தபடியே வெளியே வந்தது. பாய்லர் பக்கம் போய்ப் புறங்கையை வைத்தாள். சில்லென்று இருந்திருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டு மூக்கை லேசாகச் சுளித்தாள்.

"பெயின்ட் வாடை வருதே?"

"நேத்துதாங்க அடிச்சோம்," என்றார் சூப்பர்வைசர், சிரித்த முகமாக.

"கடை திறந்து எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருஷங்க."

"துணியெல்லாம் எங்கே?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். "ஒண்ணுகூட பாக்கி இல்லீங்க. எல்லாம் குடுத்தாச்சு."

"இன்னைக்கு யாராவது துணி போட்டாங்களா?"

"இல்லீங்க. ஒருத்தரும் வரல."

"நேத்து?"

"நேத்தும் வாங்கலீங்க."

அவள் குறித்துக்கொண்டாள். குறித்தபடியே, யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னாள். "போன மாசம் அட்டைப்பெட்டிக் கடை ஒண்ணுக்குப் போயிருந்தேன். அங்கேயும் இப்படித்தான். எல்லாம் ரொம்பச் சுத்தமா இருந்துச்சு."

அப்போதுதான் சூப்பர்வைசருக்கு உறைத்தது. கடையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். அந்த அம்மாள் கண்ணால் பார்த்தார். அழுக்கு இல்லை, ஈரம் இல்லை, சூடு இல்லை, ஆள் இல்லை. நேற்று ராத்திரி கொண்டு வந்து வைத்த கடை மாதிரி இருந்தது. அந்த அட்டைப்பெட்டிக் கடைக்காரர் பெட்டியையாவது அடுக்கி வைத்திருந்தார். இவர் அதையும் துடைத்தெடுத்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தார். இரண்டு வருஷமாகக் கற்ற மொழி கூண்டோடு காலியாகியிருந்தது. ஒரு சொல் வரவில்லை. "இல்லீங்க... நாங்க... நிஜமா..." என்று அங்கேயே நின்றுவிட்டார். மச்சானைப் பார்த்தார். எட்டூருக்குக் கேட்கப் பேசுகிற மச்சான் தரையைப் பார்த்தபடி நின்றார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தார். மகள் முகம் வந்தது. அழுகை வந்தது.

அந்த நேரத்தில் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு லாட்ஜ்காரம்மா வந்தாள். மழையில் நனைந்த தள்ளுவண்டி, அதன்மேல் மலை மாதிரி மூட்டைகள்.

"மத்தியானம்னு சொன்னீங்க, வந்துட்டேன்! நீங்க குடுத்த விரிப்பெல்லாம் தீர்ந்து, என் லாட்ஜுல தங்கினவங்க திரைச்சீலையைக் கழட்டி விரிச்சுப் படுத்துக் கிடக்காங்க!"

புத்திக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. அழுக்கு உள்ளே வந்ததும் சூப்பர்வைசரின் கை ஓட்டலுக்குப் போய்விட்டது. பாய்ந்து போய் ஒரு மூட்டையைத் தூக்கிக் கவுண்டருக்கு அடியில் திணித்தார். "அப்புறம் வாங்க, அம்மா, அப்புறம்!" இன்னொரு மூட்டையைப் பின்னால் உருட்டினார். அதற்குள் கறிக்கடைக்காரர் ரத்த ஏப்ரன்களோடு உள்ளே நுழைந்தார். அவருக்குப் பின்னால் பல் டாக்டர் ஒரு கட்டுக் கோட்டுகளோடு குடையை உதறினார். சூப்பர்வைசர் ஏப்ரன்களை வாங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். இடம் போதாமல் தன் கோட்டை விரித்து மூட்டைகளின்மேல் அணைபோட்டு நின்றார். நெற்றியில் வியர்வை ஓடியது.

"என்னங்க பண்றீங்க?" என்று பெண்டாட்டி போட்ட சத்தத்தில் பல் டாக்டரே இரண்டடி பின்வாங்கினார். "நகருங்க! அழுக்கை எடுத்து வெளிய போடுங்க! அதை ஏங்க மறைக்கிறீங்க, நம்ம சோறே அதுதாங்க!"

அவள் குனிந்து கவுண்டருக்கடியில் கிடந்த மூட்டையை இழுத்து மேலே போட்டு, முடிச்சை அவிழ்த்து, அதிகாரியம்மாவின் கண்ணெதிரே உதறினாள். விரிப்புகள் சரிந்தன. நாற்றம் குப்பென்று எழுந்து பெயின்ட் வாடையை அமுக்கியது. அதிகாரியம்மா எட்டிப் பார்க்க ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"ஏம்மா, நீங்க வரிசையில நில்லுங்க," என்று லாட்ஜ்காரம்மா அவளை முழங்கையால் தள்ளினாள். "நான்தான் மொதல்ல வந்தேன். உங்க துணி எதுவோ அதை அப்புறம் போடுங்க."

அதிகாரியம்மா நகர்ந்து வழிவிட்டாள். குடையை எடுத்துக்கொண்டு பல் டாக்டருக்குப் பின்னால் போய் நின்றாள்.

அதற்குப் பிறகு யாருக்கும் அவளைக் கவனிக்க நேரமில்லை. பெண்டாட்டி நல்ல துணிக்கு மேலேயே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு துணியைப் பிரித்தாள். "இது என்ன கறை? பீட்ரூட்டா? சொல்லணும்ல, சொல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும்?" மச்சான் ஓடிப்போய்ப் பாய்லரைப் பற்றவைத்தார். சூப்பர்வைசர் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெள்ளையை ஒரு மெஷினில் அடைத்தார். தண்ணீர் ஏறிற்று, தொட்டி சுற்றிற்று. பாய்லர் சூடேறி, வால்வு உஸ் உஸ் என்று மூச்சு விட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சூப்பர்வைசருக்கு உயிர் கொஞ்சம் திரும்பியது. கறிக்கடைக்காரர் இன்றைக்கே ஒரு ஏப்ரனாவது வேண்டும் என்று சண்டை போட்டார். வேண்டுமானால் ரத்தத்தோடு கட்டிக்கொண்டு போங்கள் என்று அவள் சண்டை போட்டாள்.

வரிசையில் நின்ற அதிகாரியம்மா பல் டாக்டரிடம் கேட்டாள். "நீங்க அடிக்கடி வருவீங்களா?"

"வாரா வாரம். கடை திறந்ததுலேர்ந்து. இந்த வாரம்தான் இந்த மனுஷனுக்கு என்ன வந்துச்சோ தெரியல. அழுக்கே வேணாம்னுட்டார். சலவைக்கடைக்காரர் அழுக்கு வேணாம்னா, நான் சொத்தைப் பல்லு வேணாம்னு சொல்ற மாதிரி இல்ல?"

ஒருவர் பின் ஒருவராக அவர்கள் போனார்கள். கடைசியில் அதிகாரியம்மா மட்டும் கவுண்டருக்கு முன்னால் நின்றாள். கடை கடையாக இல்லை. நடக்க இடமில்லாமல் மூட்டை, தரையெல்லாம் தண்ணீர், ஆவியில் கண்ணாடி வெளிறிப்போயிருந்தது. சூப்பர்வைசர் நனைந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "நான் வந்திருக்கிறதே கடை நடக்குதான்னு பாக்க. துணியை ஏன் ஒளிச்சீங்க?"

இந்தத் தடவை சொல் வந்தது. உடைந்து உடைந்து வந்தது, ஆனால் வந்தது. ஓட்டலைச் சொன்னார். மேலிடத்துப் பார்வையைச் சொன்னார். அழுக்கையெல்லாம் லிஃப்டில் ஏற்றி அந்தரத்தில் நிறுத்துவதைச் சொன்னார். "உங்களுக்கு மரியாதை பண்ணணும்னு நினைச்சோங்க," என்று முடித்தார். மச்சான் லிஃப்டு எப்படித் தொங்கும் என்று கையால் நடித்துக் காட்டினார்.

அதிகாரியம்மா சிரித்தாள். முதலில் வாயை மூடிக்கொண்டு, அப்புறம் மூடாமல். "எங்க ஆபீஸ்லயும் அதேதான். பெரியவங்க வர்றாங்கன்னா மேஜை மேல இருக்கிற காகிதக் கட்டுகளையெல்லாம் அலமாரிக்குள்ள தள்ளிப் பூட்டிடுவோம். அவங்க வந்து பாத்துட்டு, இங்க வேலையே இல்ல போலிருக்கேன்னு போன வருஷம் ரெண்டு பேரைக் குறைச்சுட்டாங்க."

அவள் தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். "கடை நடக்குது. அப்படித்தான் எழுதியிருக்கேன். அனுமதி தபால்ல வரும். தைரியமா இருங்க." கதவு வரை போய்த் திரும்பினாள். "அந்த வால்வை மட்டும் யார்கிட்டயாவது காட்டுங்க."

கதவு மூடியது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெண்டாட்டி படியில் உட்கார்ந்து ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவ்வளவு நாளும் அடக்கி வைத்தது, அணை உடைந்த மாதிரி வந்தது. அழுது முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணான்னு ஆகியிருக்கும் மாப்பிள்ளை," என்றார் மச்சான். "உங்க ஓட்டல் புத்தியைக் கேட்டு ஆடினோம் பாருங்க, எங்களைச் சொல்லணும்."

"நீங்கதானே பெயின்ட் அடிக்கச் சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? லேசா நினைச்சேன், அது வாய் வழியா வந்துடுச்சு. இப்பவாவது டீ போடலாமா, இல்ல அதுக்கும் ஆபீஸ்ல கேக்கணுமா?"

"போடுங்கண்ணே," என்றாள் அவள் மூக்கை உறிஞ்சியபடி. "சர்க்கரையை நிறையப் போடுங்க."

டீ குடித்தார்கள். காலையிலிருந்து காய்ந்த வயிற்றில் அது இறங்குவது தனியாகத் தெரிந்தது. சூப்பர்வைசர் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, உட்கார இடம் தேடி, லாட்ஜ் மூட்டை ஒன்றின்மேல் சாய்ந்தார். "ஒரு நிமிஷம்," என்றார். குவளை காலியானதும் கை தளர்ந்தது. இன்னொரு மூட்டைமேல் தலை சரிந்தது. ஒரு மாதமாக வராத தூக்கம், அழுக்கு மூட்டைக்கு மேல், வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு வந்தது. மச்சான் எழுப்பப் போனார். அவள் கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். அவர் தலைக்கடியில் இருந்ததை விட்டுவிட்டு மற்ற மூட்டைகளை ஒவ்வொன்றாக உருவிப் பிரித்தாள்.

சாயங்காலம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். நனைந்த பையோடு வாசலிலேயே நின்றாள். உள்ளே வர அவளுக்குப் பயமாக இருந்தது. காலையில் துடைத்து வைத்துவிட்டுப் போன கடை, மூட்டையும் முடிச்சுமாகக் கிடந்தது. நடுவில் அப்பா விழுந்து கிடந்தார்.

"அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. துவைக்கப் போட்டிருக்கோம். நாளைக்கு வாங்கிக்கலாம்."

மகள் சிரிக்கவில்லை. மூட்டைகளையே பார்த்தாள். "எல்லாத்தையும் கட்டி வச்சிருக்கீங்களே. நாம ஊருக்குப் போறோமா?"

அம்மா பிரித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நாம எங்கடி போறது? இது எல்லாம் இந்த ஊர் அழுக்கு. நாம போயிட்டா யாரு துவைக்கிறது?"